அக்காவின் தாச்சியும் 71 பாகையும்

பர்கர் என்னும் பண்டத்தில் பாதி எங்கள் ஊருக்குச் சொந்தம் என்று நான் சொன்னால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்க ஒன்றுமில்லை. சீனன்குடாவில் பிரீமா மாவாலை 1980 முதல் இயங்கிவருகிறது. கோதுமைக் கப்பல்கள் எங்கள் துறைமுகத்துக்குள் வந்து தானியத்தை இறக்கிவிட்டுப் போகின்றன. இத்தீவின் வெதுப்பகங்களில் பாணாகவும் பணிசாகவும் வேகும் மாவில் பெரும்பங்கு அங்கே அரைபடுவதுதான். ஆகவே மேல் பணிசும் கீழ்ப் பணிசும் திருகோணமலை. நடுவில் இருப்பதுதான் வம்பு.

நடுவில் இருப்பதைத் தமிழில் எப்படி எழுதுவது என்பதே முதல் வம்பு. இலங்கையில் ‘பற்றீஸ்’ என்றால் பிறைவடிவில் மடித்துப் பொரித்த தேநீர்க் கடைப் பண்டம். அதைப் பர்கருக்குள் வைத்தால் வாசகர் குழம்பிப் போவார். எனவே இக்கட்டுரையில் ‘இறைச்சி வட்டு’ என்றே எழுதுகிறேன். தமிழக நண்பர்கள் ‘கறி’ என்று எழுதக்கூடாதா என்று கேட்பார்கள். எங்களுக்குக் கத்தரிக்காயும் கறிதான்.

இதையெல்லாம் நான் யோசிக்க நேர்ந்தது 2023ஆம் ஆண்டு பெப்ரவரியில். ஸ்காபரோவில் வாழும் அக்காவின் மகள் தொலைபேசியில் அழைத்தாள். ஐந்து மாதக் கர்ப்பிணி. ஈமோகுளோபின் 9.8 என்று பரிசோதனையில் வந்திருந்தது.

“மாமா, இரத்தம் காணாதாம். இவர் கிழமைக்கு ரெண்டு பர்கர் சாப்பிடச் சொல்லுறார். டொக்டர் சொன்னதெண்டு அம்மாட்ட நீங்கள்தான் சொல்லவேணும்.”

“டொக்டர் சொன்னவரோ?”

“இரும்புச்சத்துக் கூடச் சாப்பிடச் சொன்னவா. பர்கர் எண்டு சொல்லேல்ல.”

விடயத்தின் கனம் புலம்பெயர்ந்த வாசகர்களுக்கு உடனே விளங்கும். இளையவர்களுக்காகச் சிறிது சொல்ல வேண்டும். எங்கள் தாத்தா திருகோணமலை டொக்யார்ட்டில் எழுதுவினைஞராக இருந்தவர். 1957இல் பிரித்தானியர் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் கையளிக்கும்வரை அங்கேதான் வேலை. யுத்தகாலத்தில் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் டின் இறைச்சி ஊரெங்கும் மலிந்து கிடந்தபோதும் ஒரு டின்கூட எங்கள் வீட்டுப் படி ஏறியதில்லை என்று அம்மம்மா பெருமையோடு சொல்வார். நாங்கள் சைவர்கள், ஆனால் சைவபோசனக்காரர் அல்லர். வெள்ளிக்கிழமையும் விரதநாளும் தவிர மீன் இல்லாத சோறு இல்லை. சூரை, சூடை, நெத்தலி, நண்டு, இறால் எல்லாம் உண்டு. ஆட்டிறைச்சி தீபாவளிக்கு உண்டு. மாடு என்பது மட்டும் கோடு. கோணேசருக்கு முன்னால் நந்தி படுத்திருக்கிறது, அதற்குமேல் விளக்கம் யாரும் கேட்பதில்லை.

கொழும்பில் நிருபராகச் சேர்ந்த நாட்களில், இரவு இரண்டாம் பதிப்பு முடிந்து பசியோடு வெளியே வந்தால், திறந்திருப்பது முஸ்லிம் ஹோட்டல்கள்தான். அங்கே கொத்துரொட்டியில் விழுந்த மாட்டிறைச்சியை நான் உண்ணப் பழகினேன். அக்காவுக்கு அது தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும். முப்பது ஆண்டுகளாக நாங்கள் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. குடும்பங்கள் இப்படித்தான் நிலைக்கின்றன.

பிரச்சினை என்னவென்றால், அக்கா மே மாதம் பிள்ளைப்பேறு பார்க்க ஸ்காபரோவுக்குப் போக இருந்தார். விசா வந்துவிட்டது. மகளின் வீட்டில் இரண்டு மாதம், ஒரே சமையலறை. அங்கே இந்தச் சமாசாரம் நடக்கிறது என்று தெரிந்தால் அவர் போவாரா என்பதே கேள்வி. பிள்ளைக்குப் பொய் சொல்லவும் தெரியாது. ஆகவே டொக்டர் என்ற கவசம் வேண்டியிருந்தது.

முப்பது வருடம் செய்தி எழுதியவன் ஒருவர் சொல்லாததை அவர் வாயில் வைப்பதற்கு முன் குறைந்தது கணக்கையாவது பார்க்க வேண்டும். பார்த்தேன்.

கடைகளில் விற்கும் வழமையான இறைச்சி வட்டு வேகாத நிலையில் கால் இறாத்தல், அதாவது சுமார் 113 கிராம். நூற்றுக்கு 20 பங்கு கொழுப்பு உள்ள அரைத்த இறைச்சி என்று வைத்துக்கொள்வோம். வெந்தபின் அது ஏறத்தாழ 80 கிராமாகச் சுருங்கும். அந்த 80 கிராமில் சுமார் 20 கிராம் புரதம், 14 கிராம் கொழுப்பு, 5 மில்லிகிராம் நாகம் இருக்கும். பி12 உயிர்ச்சத்து ஒரு நாள் தேவையை ஏறத்தாழ எட்டிவிடும். இரும்பு? 2 மில்லிகிராம். கர்ப்பிணிக்கு நாளொன்றுக்குத் தேவையென்று சொல்லப்படுவது 27 மில்லிகிராம்.

இறைச்சியின் இரும்பு கீரையின் இரும்பைவிட இலகுவில் உடலில் சேரும் என்பது உண்மை. இறைச்சியில் உள்ள ஹீம் வகை இரும்பில் நாலில் ஒரு பங்களவு உறிஞ்சப்படும். பருப்பு, கீரைகளின் இரும்பில் பத்தில் ஒரு பங்குகூடப் பெரும்பாலும் சேராது. அந்தச் சலுகையைக் கொடுத்துப் பார்த்தாலும் கிழமைக்கு இரண்டு பர்கரால் 9.8 ஐ 11 ஆக்க முடியாது. அதைச் செய்வது மாத்திரை. நாளொன்றுக்கு 30 முதல் 60 மில்லிகிராம் இரும்பு கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும்படி உலக சுகாதார நிறுவனம் சொல்வதும், எங்கள் ஊர்த் தாய்சேய் சிகிச்சை நிலையங்களில் இரும்பு மாத்திரையோடு விற்றமின் சி மாத்திரையையும் திரிபோஷாப் பொதியையும் கையில் கொடுத்து அனுப்புவதும் அதனால்தான். மாத்திரையைத் தேநீரோடு விழுங்கினால் பாதிப் பயன் போய்விடும். தேசிக்காய்த் தண்ணீரோடு விழுங்க வேண்டும். இதை மருமகளுக்குச் சொன்னேன். காலையில் தேநீரோடுதான் விழுங்கிக்கொண்டிருந்தாளாம்.

“பி12க்கு நீ மீன் சாப்பிடுகிறாய், அது போதும். பர்கரை மருந்து எண்டு சொல்லாத பிள்ளை. ஆசையெண்டால் ஆசையெண்டு சொல்லு.”

சிறிது நேரம் சத்தமில்லை.

“ஆசைதான் மாமா. மணம் பிடிச்சிட்டுது. மூண்டாம் மாசத்தில இருந்து.”

கர்ப்பிணியின் ஆசை என்பது எங்கள் ஊரில் டொக்டரைவிடப் பெரிய அதிகாரம் என்பதை அவள் மறந்துவிட்டாள். அக்காவிடம் நான் அதையே சொன்னேன், வேறெதையும் சேர்க்கவில்லை. அக்கா நீண்ட நேரம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “அந்தச் சட்டி வைச்ச அடுப்பில நான் கை வைக்கமாட்டன். அவளுக்குச் சொல்லு” என்றார். போகமாட்டேன் என்று சொல்லவில்லை என்பதை நான் கவனித்தேன். மருமகளுக்கு அதைத்தான் முதலில் சொன்னேன்.

அடுத்த அழைப்பில் அவளுடைய கேள்வி மாறியிருந்தது. கனடாவில் அரைத்த மாட்டிறைச்சிப் பொதிகள் நான்கு பெயர்களில் வருகின்றன. எக்ஸ்ட்ரா லீன் என்றால் கொழுப்பு 10 வீதத்துக்கு மேற்படாது, லீன் 17, மீடியம் 23, ரெகுலர் 30. எதை வாங்குவது? எக்ஸ்ட்ரா லீன் வாங்கிச் செய்தபோது செருப்புத்தோல்போல் வந்ததாம். கணவர் ரெகுலர்தான் ருசி என்கிறாராம்.

இதற்கு எனக்குத் தெரிந்த நிபுணர் கிண்ணியாவில் இருந்தார். 2009இல் பாலம் திறக்கப்படும்வரை படகுப்பாதையில் காத்துக்கிடந்து போன ஊர்; இப்போது துறைமுகப் பக்கமிருந்து மோட்டார் சைக்கிளில் சிறிது நேரத்தில் போய்விடலாம். இறைச்சிக்கடை நானா எழுபதைத் தாண்டியவர். 2020 செப்டெம்பரில் மாடறுப்பைத் தடைசெய்யும் யோசனையை அன்றைய பிரதமர் மஹிந்த ராஜபக்‌ஷ முன்வைத்து அமைச்சரவையும் இணங்கியபோது, செய்திக்காக முதன்முதலில் அவரைச் சந்தித்தேன். மாட்டை அறுக்கக்கூடாது, ஆனால் உண்பவர்களுக்கு வெளிநாட்டிலிருந்து இறைச்சி தருவித்துச் சலுகை விலையில் கொடுக்கலாம் என்பது அந்தத் தீர்மானத்தின் ஓர் அம்சம். “அங்கத்தய மாட்டுக்கு உயிர் இல்லயா தம்பி?” என்று நானா கேட்டார். கிழட்டு மாட்டையும் கறவைக்கு உதவாத நாம்பனையும் விற்க முடியாவிட்டால் தயிர்ச்சட்டிக்காரன் எப்படி அடுத்த கன்று வாங்குவான் என்பது அவருடைய இரண்டாவது கேள்வி. 2022இல் அந்த அரசே போய்விட்டது.

நானாவிடம் பர்கரைப் பற்றிக் கேட்டபோது அவர் தலையை ஆட்டினார். “எங்கட நாம்பன்ல ஏது கொழுப்பு? வயல்ல மேஞ்சு, வெயில்ல நடந்து, சதையெல்லாம் நாரு. உப்புவெளிப் பக்கம் வெள்ளக்காரனுக்குப் பர்கர் போடுற பொடியனுகள் வருவானுகள். இறைச்சிய மட்டும் வாங்கிட்டுப் போனா கல்லு மாதிரி வருதெண்டுவானுகள். குண்டிக்காயச் சுத்தி இருக்கிற கொழுப்பையும் சேத்து அரைக்கச் சொல்லுவன். பொறகு வந்து கும்பிடுவானுகள்.”

குண்டிக்காய் என்பது சிறுநீரகம். தமிழக வாசகர்கள் வேறு பொருள் கொள்ளவேண்டாம்.

நானாவின் வார்த்தையில் முழு விஞ்ஞானமும் இருக்கிறது. அமெரிக்க மாடு தானியம் தின்று ஓரிடத்தில் நின்று கொழுக்கிறது. அதன் சதைக்குள்ளேயே கொழுப்பு ஓடியிருக்கும். பர்கர் அந்த மாட்டுக்குப் பிறந்த பண்டம். வயல்வெளி மாடு நார்மாடு. அதற்கு ஏற்ற சமையல் பல மணிநேரம் அடங்கிய தணலில் வேகும் மிளகு இறைச்சிக் கறி. அந்த நேரத்தில்தான் நார் கரைந்து பசையாகும். எட்டு நிமிடத்தில் தாச்சியில் வேகவேண்டிய வட்டுக்கு அவ்வளவு அவகாசம் கிடையாது. அங்கே மென்மையைத் தருவது இரண்டே: அரைப்பது நாரை வெட்டுகிறது, உருகும் கொழுப்பு நாருக்கிடையே வழுவழுப்பாக நிற்கிறது. கொழுப்பை எடுத்துவிட்டால் எஞ்சுவது அவளுடைய செருப்புத்தோல்.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. அது எங்கள் துறைமுகத்துக்கு ஒல்லாந்தர் காலத்து உறவு. பறங்கியர் வீடுகளில் ‘பிரிக்கடல்’ என்றொரு இறைச்சி உருண்டை செய்வார்கள். லம்ப்ரைஸ் வாழையிலைப் பொதிக்குள் சோற்றோடு இருப்பது அதுதான். அரைத்த மாட்டிறைச்சி, ஊறிய பாண், வெங்காயம், மிளகு, கறுவா. பாண்தான் அங்கே சூட்சுமம். நார்மாட்டின் சாற்றை அது உறிஞ்சிப் பிடித்துக்கொள்கிறது. ஹம்பர்க்கிலும் ஒல்லாந்திலும் இதன் உடன்பிறப்புகள் இன்றும் உண்டு. பறங்கியர் பர்கரை உண்டது புதிய செய்தியல்ல. பெயர்ப் பொருத்தம் மட்டும் தற்செயல்.

சரி, 23 வீதமா 30 வீதமா? இங்கே நான் எதிர்பாராத ஒன்று கிடைத்தது. அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் உணவு அட்டவணையில், 25 வீதக் கொழுப்புள்ள வட்டையும் 20 வீதக் கொழுப்புள்ள வட்டையும் நெருப்பில் வாட்டியபின் அளந்தால், 100 கிராமுக்கு முதலாவதில் ஏறத்தாழ 19 கிராம், இரண்டாவதில் 18 கிராம் கொழுப்பு. வித்தியாசம் தாச்சிக்குள் போய்விட்டது. கூடக் கொழுப்புள்ளது கூட உருகி ஓடும், கூடச் சுருங்கும். காசு கொடுத்து வாங்கிய கொழுப்பை ஊற்றிவிடுகிறோம், அவ்வளவே. ஆனால் 10 வீத வட்டு வெந்தபின்னும் 12 கிராமுக்குள் நிற்கும். எனவே மீடியம் வாங்கு, உருகியதை ஊற்றிவிடு என்றேன். ஊற்றுவதுதான் முக்கியம். அந்த நெய்யிலேயே பணிசை வாட்டி முட்டையையும் பொரித்தால் போனது திரும்பி வந்துவிடும்.

கொழுப்பைப் பற்றிப் பேசும்போது எங்கள் சமையலறையையும் பார்க்க வேண்டும். மாட்டுக் கொழுப்பில் நிரம்பிய கொழுப்பமிலம் பாதிக்கும் குறைவு. மிகுதியில் பெரும்பங்கு ஒலிவ் எண்ணெயில் உள்ள அதே ஒலேயிக் அமிலம். தேங்காயின் கொழுப்பில் நிரம்பியது 85 வீதத்துக்கு மேல். மேலே சொன்ன ஒரு வட்டில் நிரம்பிய கொழுப்பு சுமார் 5 அல்லது 6 கிராம். அரைக் கோப்பை கட்டித் தேங்காய்ப்பாலில் 20 கிராமுக்குக் குறையாது. நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவருக்கு உச்சம் 22 கிராம் என்று சொல்கிறார்கள். மாட்டுக் கொழுப்பு மாரடைப்பு என்று வெளிநாட்டுப் பிள்ளைகளைத் தொலைபேசியில் பயமுறுத்திவிட்டு, முதற்பால் விட்ட சொதியைத் தட்டில் ஊற்றும் பெற்றோர்களுக்கு இதை அன்போடு சமர்ப்பிக்கிறேன். நானும் அந்தச் சொதியில் வளர்ந்தவன்தான். என் கொலஸ்டரோல் அறிக்கையை இங்கே வெளியிடப் போவதில்லை.

பர்கரை இதனால் நல்லவனாக்கிவிட முடியாது. சீஸ், மயோனெய்ஸ், பொரித்த உருளைக்கிழங்கு, சோடா என்று அது தனியே வருவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2015இல் சிவப்பு இறைச்சியை ‘புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்னும் வகையில் சேர்த்தது. கிழமைக்கு வெந்த நிறையில் 350 முதல் 500 கிராமுக்கு மேற்படாமல் உண்ணும்படி அறிஞர்கள் சொல்கிறார்கள். கொழுப்பு தணலில் சொட்டிப் புகையெழுப்பினால் அந்தப் புகையிலும் கெடுதி உண்டு. தாச்சி நல்லது.

இனித்தான் உண்மையில் என்னைக் கவலைப்படுத்திய விடயம். 1993 ஜனவரியில் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் ‘ஜாக் இன் த பாக்ஸ்’ என்னும் கடைத்தொகுதியில் பர்கர் உண்ட 700க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். நான்கு குழந்தைகள் இறந்தன. காரணம் ஈ. கோலை ஓ157 என்னும் பக்ரீரியா. முழு இறைச்சித் துண்டில் கிருமி மேற்பரப்பில்தான் இருக்கும். மேலே சூடுபட்டால் செத்துவிடும். அரைத்ததும் மேற்பரப்பு உள்ளே போய்விடுகிறது. ஒரு மாட்டில் இருந்தது ஆயிரம் வட்டுகளின் நடுவில் குடியேறிவிடுகிறது. எனவே நடுப்பகுதி 71 பாகை செல்சியஸைத் தொடவேண்டும். கனடாவின் விதியும் அதுவே. நிறத்தை நம்ப முடியாது. சில இறைச்சி அந்தச் சூட்டை எட்டுமுன்பே மண்நிறமாகிவிடும், சில எட்டிய பின்னும் இளஞ்சிவப்பாகவே நிற்கும். கர்ப்பிணி என்றால் கேட்கவே வேண்டாம். வேகாத இறைச்சியில் தொக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியும் இருக்கலாம், அது வயிற்றுப் பிள்ளையைத் தாக்கும். இருபது டொலருக்குள் ஒரு குத்தும் வெப்பமானி வாங்கு என்றேன். வட்டின் பக்கவாட்டால் நடுவரை குத்திப் பார்க்க வேண்டும்.

கடையில் ‘மீடியம் ரெயார்’ என்று கேட்டு வாங்கும் நாகரிகம் புலம்பெயர்ந்த எங்கள் பிள்ளைகளிடம் வந்திருக்கிறது. கட்டியான ஸ்ரேக்குக்கு அது பொருந்தும், அரைத்ததற்குப் பொருந்தாது.

மற்றவை சிறிய விடயங்கள். இறைச்சி குளிர்சாதனப் பெட்டியிலிருந்து நேரே தாச்சிக்குப் போகவேண்டும். திருகோணமலை வெயிலில் கொழுப்பு கைச்சூட்டிலேயே இளகி நாரோடு அப்பிக்கொள்ளும். உப்பை வட்டு தட்டியபின் மேலே தூவுவதே சரி. முன்கூட்டியே பிசைந்தால் சதையின் புரதம் கரைந்து ஒட்டி, வட்டு ரப்பராகிவிடும். நடுவில் விரலால் ஒரு பள்ளம் வைத்தால் வேகும்போது உப்பிப் பந்தாகாது. தாச்சி நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அகப்பையால் அமுக்கக்கூடாது. அந்த ‘ஸ்ஸ்’ என்ற சத்தம் கேட்க இனிமைதான், ஓடுவது சாறு.

அக்கா மே மாத நடுவில் போனார். பயணப்பையில் மிளகாய்த்தூள், சரக்குத்தூள், கருவாடு, பிள்ளைபெற்றவளுக்குக் காயமருந்து ஆகியவற்றோடு, செய்தித்தாளில் சுற்றிய ஒரு தாச்சியும் இருந்தது. அம்மாவின் தாச்சி. அதில் மீன் பொரிக்கலாம், வேறெதுவும் தொடக்கூடாது. நிறை கூடிவிட்டதென்று விமான நிலையத்தில் இரண்டு கிலோ கருவாட்டை இறக்கிவைத்தாரே தவிர தாச்சியை இறக்கவில்லை.

ஜூன் முதல்வாரத்தில் ஒருநாள் விடியற்காலை அழைத்தார். அங்கே மாலை. குரல் தாழ்ந்திருந்தது, சமையலறையில் நின்று பேசுகிறார் என்று விளங்கியது.

“தம்பி, மருமோன் அதைச் செய்து வைச்சிருக்கிறார். நான் தொடேல்ல. ஆனா வெட்டி வைச்சதைப் பாத்தன். உள்ளுக்குச் சிவப்பாய்க் கிடக்கு. பிள்ளைத்தாச்சி அதைத் தின்னலாமோ?”

“வெப்பமானி இருக்கக்கா, லாச்சிக்குள்ள. அவரைக் குத்திப் பாக்கச் சொல்லுங்கோ. 71 காட்டவேணும்.”

தொலைபேசியை மேசைமேல் வைத்த சத்தம் கேட்டது. தூரத்தில் அக்காவின் குரல், மருமகனின் குரல், லாச்சி இழுபடும் ஓசை. பிறகு திரும்பி வந்தார்.

“அறுபத்தி மூண்டு.”

“திரும்பப் போடச் சொல்லுங்கோ.”

“சொல்லிப் போட்டன்” என்றார் அக்கா. “நான் பக்கத்தில நிக்கிறன். எழுபத்தொண்டு வரட்டும்.”

ஈமோகுளோபின் ஜூன் நடுவில் 11.1. மாத்திரையும் தேசிக்காயும் செய்த வேலை. பிள்ளை ஜூலை முதல் கிழமையில் பிறந்தது, ஏழு இறாத்தல். அக்கா ஓகஸ்டில் திரும்பி வந்தார். தாச்சியை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார்.